குப்பை என்று குறிக்கப்பட்ட வாசிப்பு

கொட்டாரம் பக்கம் மைக்செட் போடுகிறவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எங்கள் ஊர் நிழல்தாங்கலில், அய்யாவைக் கும்பிடும் இடத்தில், வருஷம்தோறும் பதினேழு நாள் அய்யாவின் கதை உள்ள ஏட்டை வாசிப்பார்கள். மைக்கோடு சேர்த்துப் பதிவும் செய்வேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக அதை ஒரு மென்பொருளில் போடுவேன். அதற்குக் கம்பெனி கிடையாது. என் லேப்டாப்பிலிருந்து ஒருவர் எடுப்பார், அவரிடமிருந்து இன்னொருவர்.

எங்கள் ஆட்கள் எதை எழுதினாலும் 'அய்யா உண்டு' என்றுதான் தொடங்குவோம். பதினேழு ஃபைலுக்கும் அப்படியே பேர் வைத்தேன். அதுதான் வினை. நிறையப் பேர் தேடுகிறார்கள் என்று கண்டு எவனோ அதே பேரில் சூதாட்ட விளம்பரங்களைக் கொண்டுவந்து கொட்டினான். அங்கே தலைவர் என்று யாரும் இல்லை. குப்பையை அவரவரே குறிக்க வேண்டும். ஒருவர் குறித்த பட்டியலை மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் அந்தப் பேரில் தொடங்குவதை எல்லாம் குறித்துவிட்டார். என்னுடையதும் மறைந்தது.

பேரை மாற்றினேன். பயனில்லை, என் லேப்டாப்பையே குறித்திருந்தார்கள். பழைய பேரையே திரும்ப வைத்தேன். பட்டியல்காரருக்கு எழுதினேன். பதில் இல்லை. மேலே போய் முறையிடவும் ஆள் இல்லை.

தங்கைக்கு மஸ்கட்டில் வீட்டு வேலை. அவள் மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது. ஏட்டில் அய்யாவுக்குக் கல்யாணம் நடக்கும் பகுதியைக் கேட்டால் கல்யாணத் தடை நீங்கும் என்பார்கள். அந்தத் திருக்கல்யாண வாசிப்பைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று நேர்ந்திருந்தாள். வாசிப்பின்போது அவளுக்கு வேலை. மறுநாள் காலையில் தேடினாள். கிடைக்கவில்லை. ஃபைல் பெரியது, அனுப்பினால் போகவில்லை; போனில் போட்டுக் காட்டினேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை லைன் அறுந்தது.

குப்பையை மறைக்கும் வசதியை அணைத்துவிட்டுத் தேடு என்றேன். அணைத்தாள். நூறு வந்தது. ஒன்றைத் தொட்டாள். விளம்பரம் அலறியது. வீட்டுக்காரி வந்து ஏசினாளாம்.

"நூறு அய்யா உண்டு கெடக்கு அண்ணே. நீ போட்டது எது?"

"தெரியலட்டி."

"போட்டவனுக்கே தெரியலியா?"

எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கி வயலில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். குரல் தளர்ந்திருந்தது.

"செரி, நீயே சொல்லு. பக்கத்துலதானே இருந்தே. கல்யாணத்துல என்ன வாசிச்சாவ?"

யோசித்துப் பார்த்தேன். சத்தம் கூடியது நினைவிருந்தது. ஸ்பீக்கர் ஒன்று இரைந்தது, அதைச் சரி செய்தது, பெண்கள் குரவை விட்டபோது மைக்கைக் குறைத்தது. வாசித்த சொல் ஒன்றும் நினைவில் இல்லை. எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் வயரைப் பாத்துட்டு இருந்தேன்" என்றேன்.

லைன் அறுந்தது. அவள் அன்று சாப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை.