இரண்டாவது கோல் கீப்பர்

என் மகள் ஹாக்கிப் பையைத் திறந்ததும் ஈரத்தோல் வாடை வீடெங்கும் பரவியது. சிறுவயதில், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் இதே வாடைதான் அடிக்கும். மேல்வீட்டு மார்ட்டினின் கால்கவசங்கள் அங்கேதான் காயும்.

மார்ட்டின் ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் இரண்டாவது கோல் கீப்பர். முதலாமவருக்கு ஒன்றும் ஆகாதவரை ஆடுகள ஓரத்து வாங்குப் பலகையில் இருக்க வேண்டியதுதான். ஆறு வருடங்கள் அப்படியே இருந்தார்.

ஒருநாள் அவர் கை நீலமாகக் கன்றியிருந்ததை அம்மா கண்டார்.

“ஆரும் அடிச்சவையோ எண்டு கேள் பிள்ளை.”

அவரிடம் ஜெர்மன் மொழியில் கேட்டேன். பயிற்சியில் ரப்பர் வட்டு பட்டதாம்.

“விளையாட விடாத ஆளுக்கு ஏன் இவ்வளவு அடி?”

அதையும் கேட்டேன்.

“நான் நிற்காவிட்டால் மற்றவர்கள் எப்படி அடித்துப் பழகுவார்கள்?” என்றார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நானும் அம்மாவும் ஆட்டம் பார்க்கப் போயிருந்தோம். முதலாமவர் காயப்பட, மார்ட்டின் இறங்கினார். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் வட்டு வந்தது. அந்த அமைதியான மனிதர் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அரங்கமே எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடி அழுதார்.

அடுத்த ஆட்டத்துக்கே முதலாமவர் திரும்பிவிட்டார். மார்ட்டினுக்கு மறுபடி வாங்குதான்.

மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் படியிறங்கினார்.

“கவலை இல்லையோ எண்டு கேள்,” என்றார் அம்மா.

மார்ட்டின் கடந்து போகும்வரை சுவரோடு ஒட்டி, நிமிர்ந்து நின்றேன்.