ஆர்.சி. புத்தகத்தில் இருந்த விலாசம்

தொண்ணூறுகளின் நடுவில் என் மச்சான் சைதாப்பேட்டையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். ஒரு மாதம் போவதற்குள் போலீஸ் வந்து, திருட்டு வண்டி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதையை நான் கல்யாண வீடுகளில் நடித்தே காட்டினேன். அதனால், நானே ஒன்று வாங்கக் கிளம்பியபோது, ஏமாறுகிற உரிமை எனக்கு இல்லாமல் போயிற்று.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் புரோக்கர் காட்டிய ஸ்கூட்டர் பிடித்துவிட்டது. முக்கியமாக அதன் ஹாரன்; எருமை தும்முகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் வேறு யாரோ ஒருவர் பெயர், மயிலாப்பூர் விலாசம்.

“இவரை நேர்ல பார்க்காம வாங்க மாட்டேன்.”

“அவர நானே பாத்ததில்ல சார். மூணு கை மாறி வந்துகீது. பேர் மாத்தற ஃபாரத்துல கையெழுத்து போட்டுக் குட்த்துட்டாரு, அது வண்டியோடவே சுத்திக்கினு கீது. எல்லாரும் இப்டித்தான் வாங்கறாங்க. நீ இன்னா சார், பொண்ணா பாக்கற?”

“ஆமா. ஜாதகம் பொருந்தணும்.”

“அப்ப வண்டியவே எடுத்துக்கினு போய்ப் பாரு. உன் மூஞ்சிக்கு வண்டி திருடற தில்லா கீது?”

மயிலாப்பூர் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. வாசலில் நிறுத்தி, என் கெட்ட நேரம், அந்த எருமைத் தும்மலை இரண்டு தடவை அடித்தேன்.

உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம். ஈரக்கையோடு ஓர் அம்மா ஓடி வந்தார். என் மனைவிகூட அப்படி ஓடி வந்து என்னைப் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போவது மட்டும் எனக்குப் பழகிய காட்சிதான். “அவன் இல்லை, வேற யாரோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பின்னாலேயே வந்த அவர் கணவர் வண்டி நம்பரைத் தடவிப் பார்த்தார்.

“எங்க பையன் வண்டி. ரெண்டு வருஷமாறது. என்னோட சண்டை போட்டுண்டு இதுல ஏறிப் போனவன்தான். வண்டி கிடைச்சா பையனும் கிடைச்சுடுவான்னு போலீஸ்ல சொன்னா.” சீட்டையும் ஒரு தடவை தடவினார். “வண்டி கிடைச்சுடுத்து.”

ஃபாரத்தை நீட்டினேன். “அவன் கையெழுத்துதான். அவனேதான் வித்திருக்கான்.”

நான் தெரிந்துகொள்ள வந்தது அவ்வளவுதான். திருட்டு வண்டி இல்லை. மச்சானைவிட நான் கெட்டிக்காரன். நன்றி சொல்லிக் கிளம்பியிருக்கலாம், கால் வரவில்லை.

“இதை விக்கறவர்கிட்ட என்னை அழைச்சுண்டு போறேளா?”

பின்னால் உட்கார்ந்து, ஈக்காட்டுத்தாங்கல் வரும்வரை என் தோளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பட்டறையில் புரோக்கரிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன். பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“இளைச்சிருந்தானா?”

புரோக்கர் என்னைப் பார்த்தார். அழுக்குத் துணியில் கையை வெகுநேரம் துடைத்தார்.

“இல்ல நைனா, ஷோக்கா இருந்தாரு. இங்கதான் குந்திக்கினு டீ குட்ச்சாரு. ஊட்டுக்குப் போவணும்னு சொல்லிக்கினு இருந்தாரு.”

காலையில் என்னிடம் பார்த்ததே இல்லை என்ற அதே வாய். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் என்று எல்லாவற்றையும் சரிபார்த்த நான், குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப மயிலாப்பூரில் கொண்டுவந்து விட்டேன். சந்து முனையிலேயே தோளைத் தட்டினார்.

“இங்கேயே நிறுத்திடுங்கோ. சத்தம் கேட்டா மறுபடியும் ஓடி வருவா.” இறங்கினார். “நல்ல வண்டி, வாங்கிக்கோங்கோ. ஹாரனை மட்டும் மாத்திடுங்கோ.”

டீ குடித்ததையும் வீட்டுக்குப் போகவேண்டும் என்றதையும் எப்படிச் சொல்வது என்று தனக்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் போனார்.

பெரிய தெரு வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே போனேன். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். மச்சான் ஏன் வாங்கவில்லை என்று கேட்டார். மைலேஜ் சரியில்லை என்றேன்.