பன்னிரண்டு மணி ரேடியோ

எங்கள் காரில் சாவியைத் திருப்பினால் ரேடியோவில் மணி எப்போதும் பன்னிரண்டுதான். காலை ஏழரைக்குக் காக்கநாட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாலும் பன்னிரண்டு, மாலை மட்டாஞ்சேரிக்குத் திரும்பக் கிளம்பினாலும் பன்னிரண்டு. பொத்தானை அழுத்தி நேரத்தைத் திருத்திவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். பத்து வருடப் பழக்கம்.

அந்த ரேடியோவை மாட்டியவர் என் மதினி, கணவரின் அக்கா. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து நான் வந்த இருபதாம் நாளே கணவர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மதினியும் மட்டும். வந்த சூட்டிலேயே மிக்ஸியையும் குக்கரையும் நான் பழுதாக்கியிருந்தேன். "உன் கை பட்டாலே போச்சு" என்று கணவர் போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒன்றைக் கெடுத்தால் இந்த வீட்டில் என் பெயர் அதுவாகவே நிலைத்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அவர் ஆசையாக வாங்கி அனுப்பிய ரேடியோ வந்து சேர்ந்தது. அவர் ஊர் திரும்புவதற்குள் அதைப் பாட வைத்துவிட வேண்டும் என்பது மதினியின் பிடிவாதம்.

மதினி சுக்கு மண்டியில் கணக்கெழுதுகிறவர். மின்சாரத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது, ஆனால் தைரியத்துக்குக் குறைவில்லை. ஃபியூஸை உருவி வைத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தபடி ஒவ்வொரு வயராகச் சேர்த்தார். எதையோ மாற்றிச் சேர்த்துவிட்டது தெரிந்ததும் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "பிள்ளே, அந்த மஞ்ஞ வயரெ அழி. வேகம்!"

என் கையில் கத்திரி இருந்தது. வயரை அழிப்பது என்றால் வேறு என்ன செய்வார்கள்? அடியோடு வெட்டினேன். மலையாளம் கலந்த அவர்கள் பேச்சில் 'அழி' என்றால் முடிச்சை அவிழ்ப்பது என்று எனக்கு யார் சொன்னார்கள்? பேட்டரியிலிருந்து வந்த மஞ்சள் வயரின் மிச்சம் சர்ரென்று உள்ளே போய் மறைந்தது. எவ்வளவு துழாவியும் எட்டவில்லை. மதினி வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். "சாரமில்ல, பேடிக்காதே" என்று என் பயத்தைத் தேற்றினார். ரேடியோவின் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் வயரோடு கட்டிவிட்டார். ரேடியோ பாடியது. சாவியை எடுத்ததும் கரண்டு நின்று, நேரத்தையும் வைத்த ஸ்டேஷன்களையும் மறந்துபோனது.

கணவர் வந்தார், பார்த்தார். "யாரு இந்த வயரெ வெட்டினது?"

"நாந்தான்டா. கை வழுதிப் போச்சு" என்றார் மதினி. சாயா கிளாசோடு வாசலில் நின்ற என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று முதல் அவர் 'பன்னிரண்டு மணி அக்கா'. வீட்டில் எது பழுதானாலும் கணவர் அவரைத்தான் ஓட்டுவார். மதினியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயம், பிறகு இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கம். போன மழைக்காலத்தில் மதினி இறந்துபோனார்.

போன வாரம் வேறு பழுதுக்காகச் சுள்ளிக்கல் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டோம். மெக்கானிக் ரேடியோவை இழுத்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, மஞ்ஞயும் சுவப்பும் ஒண்ணிச்சு கெட்டியிருக்கு. அழிச்சு சரியாக்கட்டே?" என்றான்.

கணவர் சிரித்தார். "எங்க அக்காவோட வேலை. வயரெ வெட்டிட்டா."

"வெட்டினது நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"பத்து வருஷம் அவளையில்லே கிண்டல் பண்ணினேன்" என்றார் மெதுவாக.

மெக்கானிக் காத்திருந்தான். "அழிக்கட்டே, சேச்சி?"

"அழிங்க" என்றேன்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். ஏழு முப்பத்தொன்று. பொத்தான்வரை போன விரலுக்குத் திருத்த ஒன்றும் இல்லை. வண்டியை எடுக்காமல், மதினியை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.