பொம்மைப் படத்தில் கழி தள்ளியவன்

9-1-1976. டி.வி. பெட்டி ஒன்று. ரூ. 3,150.00
9-1-1976. ஏரியல், இரும்புக் குழாய், கம்பி. ரூ. 285.50
19-4-1976. பூசணிக்காய், கற்பூரம் (பெட்டிக்குத் திருஷ்டி கழிக்க). ரூ. 3.75
3-5-1976. பெட்டியை மூடக் காடாத் துணி. ரூ. 11.25
14-6-1976. பதிவுத் தபால், பம்பாய். ரூ. 2.60

இவை எங்கள் இறால் கூட்டுறவுச் சங்கத்தின் ரைட்டராக நான் எழுதிய கணக்கிலிருந்து எடுத்தவை. கடைசி வரி மட்டும் சங்கச் செலவல்ல. பூவம்மாள் தம் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில் எங்கள் குப்பத்தில் 1921-இல் பிறந்தவர் பூவம்மாள். முப்பத்தோராம் வயதில் கணவர் போய்விட்டார். ஒரே மகன் தேசப்பன். அறுபதுகள் முழுக்க இறால் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்கு நடந்தார். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழும்பியதும், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி விற்க ஆரம்பித்தார். மூன்று ஷிப்டுக்கும் மூன்று விலை என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். "தூக்கக் கலக்கத்துல வர்றவனாண்ட கொஞ்சம் கூடத்தான் கேப்பேன், இன்னா இப்போ?" என்பார்.

1974 நவம்பர் புயலில் தேசப்பன் தொலைந்தான். ஏரியில் இறால் சரியாகப் படவில்லை என்று, எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருந்த நாளில், மனைவி ரத்னாவின் அண்ணன் பரசுராமனையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு முகத்துவாரம் தாண்டிப் போனான். மூன்றாம் நாள் பரசுராமனின் உடல் காட்டுப்பள்ளிக் கரையில் ஒதுங்கியது. தேசப்பன் ஒதுங்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புல்லால் ஓர் உருவம் செய்து, அவன் படகு தள்ளிய கழியோடு சேர்த்துக் கட்டி, ஆடி அமாவாசையன்று முகத்துவாரத்தில் விடுவோம். அன்றைக்கே அவன் மனைவியின் தாலியை இறக்குவார்கள். கழி ஏரிக்குத்தான், கடலுக்குப் போகிறவன் அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவான். கழி இல்லாமல் சடங்கு இல்லை. 1975 ஆடியில் நாட்டார் துலுக்காணம் வந்து கழியைக் கேட்டபோது பூவம்மாள் கொடுக்க மறுத்துவிட்டார். குப்பத்துக்குத் தலைவர் அவர். ஆனாலும் ஒரு தாயின் கையிலிருந்து பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆடி வரை என்று தவணை கொடுத்தார்.

இதற்கிடையில் சங்கத்துக்கு டி.வி. வந்தது. இறால் ஏற்றுமதியில் நல்ல லாபம் பார்த்த வருஷம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் குப்பமே சங்கக் கட்டடத்தின் முன் கூடிவிடும். மனிதர்கள் பேசுவதையும் பாடுவதையும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். பழக முடியாமல் போனது பொம்மைப் படம்தான். வரைந்த ஆள் எப்படி நடப்பான்? வரைந்த மாடு எப்படித் தலையாட்டும்? பல படங்களை வரைந்து வேகமாக ஓட்டுகிறார்கள் என்று படித்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது விளங்கியது. விளங்கிய பிறகும் அந்த மாடு தலையாட்டும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்தது.

ஏப்ரல் 18 அன்று மூன்று நிமிஷப் படம் ஒன்று வந்தது. ஓட்டைப் படகில் நாலு பேர். சேர்ந்து தண்ணீர் இறைத்தால் கரை சேரலாம் என்பது கதை. படகோட்டி கழியை ஊன்றித் தள்ளினான். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

எங்கள் ஏரி ஆழமில்லை, அடியில் களிச்சேறு. ஊன்றிய கழியை நேராக இழுத்தால் சேறு விடாது. கால் சுற்று முறுக்கித்தான் உருவ வேண்டும். படத்தில் இருந்தவன் முறுக்கி உருவினான். அது ஏரிக்காரர் எல்லோருக்கும் பொது. ஆனால் உருவிய கழியைப் படகு விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிச் சேற்றை உதறுவது தேசப்பன் ஒருவனுடைய பழக்கம். படத்தில் இருந்தவன் இரண்டு தட்டுத் தட்டினான். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினான். படம் முடிந்தது.

மறுநாளே திருஷ்டி கழித்தோம். அதே படத்தை அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போட்டார்கள். வதந்திகள் வந்தன. ஒவ்வொன்றையும் தேதியோடும் சொன்னவர் பெயரோடும் எழுதி வைத்தேன். பிணம் கிடைக்காதவர்களின் நிழலைப் பிடித்துத்தான் பொம்மைப் படம் வரைகிறார்களாம். படகோட்டி யாரைப் பார்த்துக் கையைத் தூக்குகிறானோ அவருக்கு நாள் நெருங்கிவிட்டதாம். கும்மிடிப்பூண்டியில் உலை முன் நின்ற ஒருவர் அப்படித்தான் போனாராம். வேப்பம்பட்டில் ஒரு குழந்தைக்குப் பேச்சே நின்றுவிட்டதாம். வேப்பம்பட்டில் இருந்த என் மைத்துனருக்குக் கார்டு போட்டு விசாரித்தேன். "இங்கே அப்படி யாரும் இல்லை. அது பழவேற்காட்டில் நடந்ததாக அல்லவா சொல்கிறார்கள்?" என்று பதில் வந்தது.

படம் இரண்டாம் தடவை வந்த அன்று, முடிந்ததும் துலுக்காணம் எழுந்தார்.

"பாத்தியா பூவம்மா? உம் புள்ளதான். செத்தவங்க நெழலத்தான் வரையறாங்கன்னு ஊரே பேசிக்கினு கீது. இனிமே இன்னா சந்தேகம்? இந்த ஆடிக்குக் கழியக் குடுத்துடு."

"எம் புள்ளதான் நாட்டாரே. நான் இல்லன்னலியே. ஆனா எடது கையால தள்றான், பாத்தியா? தேசப்பன் சோத்துக் கைக்காரன்."

"அந்தப் பக்கம் போனவங்களுக்கு எல்லாமே எடம் வலமா மாறிப்பூடும்."

"நீ எப்ப போய்ப் பாத்துட்டு வந்தே?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். பூவம்மாள் சிரிக்கவில்லை.

"அவனுக்குச் சோத்துக் கை ஒடைஞ்சு கீது. அத்தொட்டு எடது கையால கத்துக்கினான். செத்தவன் புதுசா ஒண்ணக் கத்துக்குவானா? நீயே சொல்லு."

துலுக்காணம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் பயம் யாருக்கும் போகவில்லை. மே மாதம் காடாத் துணி வாங்கினோம். பொம்மைப் படம் வந்தால் பெட்டியை மூடிவிடுவது என்று தீர்மானம். பூவம்மாள் முன்னே போய்த் துணியை விலக்கிவிடுவார். படகோட்டி திரும்பிக் கையைத் தூக்கும்போது பெண்கள் பிள்ளைகளின் கண்களைப் பொத்துவார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து நின்று, "டேய் தேசப்பா, கையாட்டினது போதும். ஊட்டுக்கு வா" என்பார். அதைக் கேட்டு நடுங்காதவர் அங்கே இல்லை. 

அவர் கேட்டுக்கொண்டபடி சென்னை டி.வி. நிலையத்துக்கு எழுதினேன். படம் பம்பாயில் தயாரானது என்று ஒரு விலாசம் அனுப்பினார்கள். அங்கே எழுதக் காகிதத்தை எடுத்தபோது பூவம்மாள் ரத்னாவையும் கூட்டி வந்து என் முன் உட்கார்ந்தார்.

"ரைட்டரே, ரெண்டு லெட்டர் எழுதணும். ஒண்ணு ஆபீசுக்கு. ஒண்ணு படம் வரைஞ்ச மனுசனுக்கு. தேசப்பன் பேருக்கு நான் சொல்றத அதுல வெச்சு அனுப்பு. அவன் எங்க கீறான்னு அந்த ஆளுக்குத்தான் தெரியும்."

"என்ன எழுதட்டும்?"

"அதான் யோசிச்சிக்கினு கீறேன். உயிரோட இருந்தா ஏன் வரல? ஊட்டுக்கு வழி தெரியாதவனா? வெக்கம். பரசுராமன இட்டுக்கினு போனது இவன்தானே. இந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பான்?" பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "நான் ஆயிரம் வாட்டி வான்னு சொன்னாலும் வரமாட்டான். நீ சொன்னாத்தான். சொல்லணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. போனது உன் அண்ணன்."

ரத்னாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒன்றரை வருஷமாக அந்த விஷயத்தில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. தாலி இருக்கட்டும் என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. மாமியார் பிடித்த பிடி அவளுக்கும் சேர்த்துத்தான் என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

 "கோவம் இருந்துச்சு அத்தே. இப்பவும் கொஞ்சம் கீது" என்றாள். பிறகு என்னிடம், "எங்க அண்ணன கடல்தான் எடுத்துக்கினுச்சு, நீ எடுக்கலன்னு எழுதுங்க ஐயா. கோவம் மிச்சம் கீது, அத நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லி எழுதுங்க" என்றாள்.

சொன்னபடியே எழுதினேன்.

ஜூலை வந்தது. ஆடியும் பிறந்தது. முகத்துவாரத்தில் விடப் புல் அறுத்துக் காயப் போட்டுவிட்டார்கள். பூவம்மாள் கூடை தூக்குவதை நிறுத்திவிட்டு, பஸ் வரும் வேளையில் எல்லாம் ரோட்டோரம் போய் நின்றார். "இந்த அமாவாசைக்குள்ள வரலன்னா நானே கழியக் குடுத்துடறேன் நாட்டாரே. அந்தப் பொண்ணையும் எத்தினி நாளு நிக்க வெக்கிறது?" என்று அவரே சொல்லிவிட்டார்.

அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பு மத்தியான பஸ்ஸில் தேசப்பன் இறங்கினான். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

அவன் சொன்னது இவ்வளவுதான். ஒரு சரக்குக் கப்பல் தூக்கிப் பம்பாயில் இறக்கியது. கை சேர ஆறு மாதம் ஆனது. படம் வரையும் கட்டடம் ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மழைக்காலத்தில் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, ஒரு பலகை மேல் ஏறி மூங்கிலை ஊன்றித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான். ஜன்னலிலிருந்து ஒருவர் பார்த்து, "இன்னொரு முறை" என்றாராம். ஒரு மணி நேரம் அப்படியும் இப்படியும் தள்ளிக் காட்டினான். எதற்கென்று அவனுக்கு அன்று தெரியாது. படத்தை அவன் பார்த்ததே இல்லை. அந்த ஓவியர்தான் எங்கள் கடிதத்தைத் தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு அவனுக்குப் படித்துக் காட்டினார்.

ரத்னா அவன் எதிரே வந்து நின்றாள். இடது கையால் அவன் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அந்தக் கையை இறக்கிவிட்டு, "உள்ள வா. அம்மா சோறாக்கி வெச்சு கீறாங்க" என்றாள். மிச்சக் கோபத்தை அவள் எப்போது, எப்படிக் கொடுத்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

வதந்தி நிற்கவில்லை. தாய் கூப்பிட்டதும் பிள்ளை டி.வி. பெட்டியிலிருந்து ஈரத்தோடு இறங்கி வந்தான் என்று கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருப்பாச்சூரிலிருந்தும் ஆட்கள் அவனைப் பார்க்க வந்தார்கள். நடந்ததைத் தேதியோடு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பிறகு அவன் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மனிதன் சேறு உதறும் இரண்டு தட்டு, பம்பாய்த் தாள்களில் ஏறி, ஆகாயத்தில் வந்து, பெற்றவளின் கண்ணில் சரியாக விழுந்ததே, அதற்கு நான் எந்தத் தேதியைப் போட்டு முடிப்பது?

பூவம்மாள் 1979 தை மாதம் இறந்தார். திரும்பி வந்த நாள் முதல் தேசப்பன் இடது கையால்தான் கழி தள்ளினான். அதே பழைய கழி.

பம்பாய் ஆபீசுக்கு எழுதிய கடிதத்துக்கும், தேசப்பன் வந்து ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்திருந்தது. "மேற்படி படத்தில் வரும் படகோட்டி முழுக்கக் கற்பனையே, உயிருடன் இருப்பவரையோ இறந்தவரையோ குறிப்பது அல்ல" என்று இருந்தது. பூவம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். ஏரியில் கழி இரண்டு தட்டுத் தட்டும் சத்தம் அப்போது கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கடிதம் வந்த தேதி 6-9-1976.