மஞ்சள் தடவிய நோட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த வாரம் அது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே ரத்தம் உறையாத குறைபாடு. அம்மா வழியாக வந்தது. லேசாக இடித்துக்கொண்டாலே மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கிவிடும். உறைவதற்கான ஊசியை நரம்பில் ஏற்றி ஏற்றியே முப்பத்திரண்டு வயது வரை ஓட்டிவிட்டோம்.

தண்ணீர் வருவதற்கு மூன்று மாதம் முன்புதான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தோலுக்கு அடியில் வாரம் ஒருமுறை போடும் புது மருந்தைச் சோதனை முறையில் கொடுக்க அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். கூடவே ஒரு நோட்டும் தந்தார்கள். கசிவு உண்டா, இல்லையா என்று தினமும் எழுத வேண்டும். கசிந்தால் உடனே போன் செய்ய வேண்டும். வரவழைத்துப் பழைய ஊசியைப் போடுவார்கள். தம்பியின் வலது முழங்கை எப்போதோ இறுகிவிட்டதால் எழுதும் வேலை எனக்கு. நான் பள்ளிக்கூட டீச்சர். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்ற கர்வம் வேறு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’ என்றே எழுதினேன். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

தண்ணீர் வந்த அன்று காலை மடை திறக்கக் கிளம்பினான். போகாதே என்றால் கேட்கிற ஜென்மமா? வரப்பில் வழுக்கி, ஏற்கெனவே பழுதான இடது முழங்கால் மடங்க விழுந்தான். மதியத்துக்குள் வீங்கிவிட்டது.

“அக்கா, போன் பண்ணிடலாமா?” என்றான்.

“சும்மா இருடா. ஐஸ் வச்சா வத்திடும். மருந்து கேக்கலன்னு உன்ன வெளிய அனுப்பிட்டா என்ன பண்ணுவ?”

இன்னொரு காரணமும் இருந்தது. மஞ்சள் வைத்த நோட்டில் என் கையால் ‘ரத்தம்’ என்று எழுத மனசு வரவில்லை. எழுதினால் அதுவே தொடர்ந்துவிடும் என்று பயம். அன்றைக்கும் ‘இல்லை’ என்றே எழுதினேன். மறுநாளும். அதற்கு மறுநாளும். படித்த அக்காவுக்குத் தெரியும் என்று நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

நான்காம் நாள் காலை ஊன்றவே முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “கசிஞ்சா அனுப்பிடுவோம்னு யாரும்மா சொன்னது? கசியுதான்னு தெரிஞ்சுக்கத்தானே இந்தச் சோதனையே. நீங்க எழுதுறத நம்பித்தானே இத மத்தவங்களுக்குப் போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க?”

ஒயிட்னர் இருக்கிறதா என்று கேட்டேன். அழிக்கக் கூடாதாம். பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுதி, தேதியும் கையெழுத்தும் வைக்க வேண்டுமாம். மூன்று ‘இல்லை’களின் மேலும் கோடு போட்டேன். முத்தான கையெழுத்து அன்று கோழி கிளறியது போல இருந்தது.

தம்பியை யாரும் வெளியே அனுப்பவில்லை. மருந்தும் தொடர்கிறது. முழங்கால்தான் அதற்குப் பிறகு முழுதாக நீளவில்லை. மடை திறக்க இப்போது ஆள் வைத்திருக்கிறோம். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டிருந்தால் தேவலை. கம்பை ஊன்றி அவன் வாசல்படி ஏறும்போதெல்லாம், கோட்டுக்கு அடியில் இன்னமும் பளிச்சென்று தெரிகிற அந்த மூன்று ‘இல்லை’களும், நல்லதையே எழுதினால் நல்லதே நடக்கும் என்று நம்பிய என் முட்டாள்தனமும்தான் கண்முன் வந்து நிற்கின்றன.