மழையின் மேல் போட்ட பழி

கட்டட வேலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர், மட்டம் பார்க்கும் கருவியின் பெயர்: ரசமட்டம். எந்தச் சுவரைப் பார்த்தாலும் கோணலைக் கண்டுபிடிக்காமல் நகரமாட்டாள். சிவில் பட்டம் வாங்கிய நாள் முதலாக வெயிலில் நின்று வேலையை மேற்பார்வையிடுவதுதான் பிழைப்பு. மேலே படிக்கும் எண்ணம் கனவிலும் வந்ததில்லை. ஒரு சுவர் விழுந்துதான் அதைக் கிளப்பிவிட்டது.

மேட்டு மண்ணைத் தாங்க எழுப்பிய தடுப்புச் சுவர் அது. பின்னால் தேங்கும் நீர் வடிவதற்காக வரிசையாகத் துளைகள் விட்டிருந்தார்கள். திறப்பு விழா நெருங்கியதும் அவை ஒப்பந்தக்காரரின் கண்ணை உறுத்தின.

“விருந்தாளிங்க வர்ற நேரத்துல சுவரு மூக்கொழுகிக்கிட்டு நிக்குது! அடைச்சுப் பூசுங்கப்பா.”

“சார், தண்ணி போக வேற வழியே இல்ல. சுவரு தாங்காது.”

“இந்த ரசமட்டத்தோட ரோதனைதான் தாங்கல!”

எல்லாரும் சிரித்தார்கள். பூசியும்விட்டார்கள்.

அடைமழை ஓய்ந்த மறுநாள் சுவர் சரிந்தது. கீழே ஜல்லி சலித்துக்கொண்டிருந்த சித்தாளின் கால் நசுங்கிப்போனது. அவள் தலையெழுத்து என்றார்கள். அந்த எழுத்தை எழுதியது பூச்சுக் கரண்டி என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. விசாரிக்க வந்த நிபுணரும் மழையையே குற்றவாளியாக்கினார். மழை வக்கீல் வைக்காதே! இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிட்டால் சித்தாளுக்கு இழப்பீடும் கிடையாது.

அடைபட்ட நீர் சுவரை எவ்வளவு தள்ளியிருக்கும் என்று ரசமட்டம் கணக்குப் போட்டு நிபுணரிடம் நீட்டினாள்.

“இது மணலுக்குப் போடற கணக்கும்மா. அங்க இருக்கறது களிமண்ணு. ஊற ஊற அது எப்படி மாறும்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது. ஏளனமாகக் கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி. கத்தினால் நியாயம் நிலைக்காது, நிரூபித்தால்தான் நிலைக்கும். மண் பொறியியலில் முதுநிலை படிப்பதென்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

தையற்காரரான கணவர் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: “படி, படி. உனக்கும் பொண்ணுக்கும் ஒரே துணியில யூனிபார்ம் தச்சுடறேன்.”

நேர்காணலில் பேராசிரியை கேட்டார்: “வேலை இருக்கு, அனுபவம் இருக்கு. இப்ப எதுக்கு எம்.இ.? பதவி உயர்வுக்கா?”

“ஒரு சுவரு ஏன் விழுந்துச்சுன்னு சொல்லணும் மேடம். அடிபட்ட அக்கா இழப்பீடு கேட்டு மேல்முறையீடு பண்ணியிருக்காங்க. அது முடியறதுக்குள்ள, யாரும் மறுத்துப் பேச முடியாதபடி சொல்லணும்.”

“இடிஞ்ச இடத்த இந்நேரம் நிரவியிருப்பாங்களே. சோதிக்க மண்ணுக்கு எங்க போவீங்க?”

“அவங்க அள்ளறதுக்கு முந்தியே ரெண்டு மூட்டை கட்டிட்டேன். வீட்டுல கட்டிலுக்கு அடியில இருக்கு.”

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப சேர்ற அன்னிக்கே கொண்டாந்துடுங்க.”

கல்லூரி மாடிப்படியில் மூட்டையோடு மூச்சு வாங்கினார் கணவர். “ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்குப் புத்தகம் சுமப்பான். என் ராசி, மண்ணு சுமக்கறேன்!”

“பாத்துங்க, சாட்சிய கீழ போட்டுடாதீங்க” என்று ஆய்வகக் கதவைத் திறந்து பிடித்தாள் அவள்.