பழம் ஒங்களுக்கு, கொட்டை எனக்கு

"யாரு அது, இந்த வெயில்ல? இங்கிட்டு வாங்க. ஓடிப் போனாப்புல மட்டும் ஊரு எதுக்க வந்து நிக்குமா?"

துரட்டியால் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தபடி சந்தனம் சத்தம் போடுகிறாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போன ஆள் தயங்கி நிற்கிறார். வருகிறார். சிவந்த முந்திரிப் பழம் ஒன்றைத் தானே பறிக்கிறார். அதை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சந்தனம் ஓலைப்பெட்டியை அவர் மோவாய்க்குக் கீழே நீட்டிவிடுகிறாள். "பழம் ஒங்களுக்கு, கொட்டை எனக்கு." அவர் கொட்டையைத் திருகிப் பெட்டியில் போடுகிறார். பிறகுதான் உப்பு. கொட்டாங்கச்சியில் இருக்கும் உப்பைத் தொட்டுக்கொண்டால் பழம் தொண்டையைப் பிடிக்காது.

தஞ்சாவூர் சாலையை விட்டு விலகி, கந்தர்வக்கோட்டைக்குக் குறுக்கே வருகிற வண்டித்தடத்தில் இருக்கிறது இந்தத் தோப்பு. ஒரு பண்ணையின் சொத்து. ஒவ்வொரு கோடைக்கும் சந்தனம் இதைக் குத்தகைக்கு எடுப்பாள். பேசிய மூட்டைக் கொட்டையைப் பண்ணைக்கு அளந்துவிட வேண்டும். அதற்கு மேல் விளைந்தது அவளுடையது. மழை வரும்வரை அவள் வீட்டில் அடுப்பெரிவது அந்த மிச்சத்தில்தான்.

நான் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாளிலும் இந்த மரத்தடியில் இவள்தான் இருந்தாள். பழச்சாறு சொட்டி என் வெள்ளைச் சட்டையில் விழுந்த கறை, அந்தச் சட்டை கிழியும்வரை போகவில்லை. பிற்பாடு பினாங்கில் ஒரு கடையில், கண்ணாடிச் சாடிக்குள் உப்புப் போட்டு வறுத்த பருப்பைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது பருப்பின் ருசி அல்ல. காய்ந்த சருகும் புளித்த பழமும் கலந்த இந்தத் தோப்பின் வாசனை. கல்கத்தாவிலும் கொழும்பிலும் எத்தனையோ கடைவீதிகளில் நடந்திருக்கிறேன். "இங்கிட்டு வாங்க" என்று எந்த மரத்தடியிலிருந்தும் குரல் வந்ததில்லை. யுத்தத்துக்குப் பயந்து கப்பலேறி ஊர் வந்த பின்னும் வீட்டில் கால் தரிக்காமல் நான் முதலில் நடந்தது இந்தத் தடத்தில்தான்.

"வந்துட்டியா தாயி? சீமையெல்லாம் பாத்தாச்சா? கறுத்துப் போயிட்ட. இந்தா, தின்னு. கொட்டையைப் போட்டுரு."

உள்ளூர்க்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மாட்டை ஓட்டிக்கொண்டு வரும் நல்லதம்பி கிளைக்குக் கை நீட்டினால் துரட்டி அவன் முதுகுக்குப் போகும்.

"ஏன் ஆத்தா, ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் குடுக்கிறே, எனக்கு இல்லையா?" என்பான் அவன்.

"ஒனக்குக் கொடுத்தா நாளைக்கும் வருவே, நாளன்னைக்கும் வருவே. ஒங்கூட ஒம் மச்சானும் வருவான். வழியில போறவுக ஒரு தடவைதான் வருவாக."

வருகிறவரின் ஊரையோ சாதியையோ அவள் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: "சாவா, பொறப்பா?" உச்சி வெயிலில் நடக்கிறவருக்கு வேறு காரணம் இருக்க முடியாது என்பது அவள் முடிவு. ஒருமுறை கோட்டுப் போட்ட குமாஸ்தா ஒருவர், "கொட்டையை எடுத்துக்கொண்டு போகிற ஆளா நான்?" என்று சீறினார். "எடுக்காத ஆளுக்கு எதுக்குய்யா கோவம்? உப்பைத் தொட்டுக்கங்க" என்றாள்.

நான் அவளைச் சீண்டியிருக்கிறேன். "எப்படியும் அழுகப் போகிற பழம். கொட்டை பறிக்க ஆள் வைக்காமல், வருகிறவர் போகிறவரை வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறாய். இதற்குப் பேர் தருமமா?"

"தருமம்னு நான் எப்பச் சொன்னேன்? எனக்குக் கூலி மிச்சம், அவுகளுக்கு நாக்கு நனையுது. ஞாயித்துக்கெழமப் பூசையில சாமியாரு சொல்றாப்புல பெருசா ஒண்ணும் இல்ல தாயி" என்று சிரித்தாள். காவிப் பல் அத்தனையும் தெரிந்தது.

போன கோடையில் அந்தத் தோப்பு அவள் கையை விட்டுப் போகப் பார்த்தது. பூத்த நேரத்தில் பனி பெய்து பூவெல்லாம் கருகிவிட்டது. பண்ணைக்கு அளக்க வேண்டியதே தேறுமா என்பது சந்தேகம். பக்கத்து ஊர் அடைக்கலம், அடுத்த வருஷம் தனக்குத் தோப்பை விட்டால் கூடுதலாக அளப்பதாகப் பண்ணை வாசலில் போய் நின்றிருந்தான். சந்தனம் சருகைக் கூட்டிக் கூட்டி, எறும்பு இழுத்துப் போட்ட கொட்டையைக்கூடப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதும் வழியில் போகிறவர்களைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

யுத்தத்துக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து சனங்கள் வந்துகொண்டிருந்த வருஷம் அது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ் என்றைக்கு ஓடும், என்றைக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஒரு பெண் நடந்து வந்தாள். அறந்தாங்கிப் பக்கம் புருஷன் ஊருக்குப் போகிறாளாம். அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. சந்தனம் வழக்கப்படி கூப்பிட்டாள். பழம் கொடுத்தாள். பெட்டியை நீட்டினாள். அவர்கள் தின்றுவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் தோப்பின் மறுகோடியிலிருந்து ஒரு குழந்தை வீரிட்டு அலறியது. சந்தனம் துரட்டியோடு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அந்தப் பெண்ணின் முந்தானை விரிந்து கிடந்தது. அது நிறையப் பச்சைக் கொட்டை.

"அடி பாதகத்தி! தின்ன வாய் காயறதுக்குள்ள இப்படியா? எம் பொழப்புல மண்ணைப் போடவா அம்புட்டுத் தொலவுலேருந்து வந்தே?"

குழந்தை திரும்பியது. உதடு இரண்டும் வெந்ததுபோல வீங்கிக் கொப்புளித்திருந்தன. பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்திருக்கிறது.

"பசிக்குதுன்னுச்சுங்க. பழம் வயித்துக்குப் பத்தல" என்றாள் தாய். "ரங்கூன்ல கடையில பருப்பாத்தான் பாத்திருக்கேன். தோலு இப்படிச் சுடும்னு தெரியாதுங்க."

"திருடத் தெரியுது, திங்கத் தெரியல! சுட்டுல்லடி திங்கணும், கூறுகெட்டவளே!"

திட்டிக்கொண்டேதான் குழந்தையின் வாயைக் கழுவினாள். பறிக்கும்போது தன் கைக்குப் பூச வைத்திருக்கும் விளக்கெண்ணெயை எடுத்து அதன் உதட்டில் தடவினாள். திட்டிக்கொண்டேதான் சருகைக் குவித்துத் தீ மூட்டி, முந்தானையிலிருந்து ஒரு கை அள்ளி உள்ளே எறிந்தாள். கொட்டை எண்ணெய் கக்கிச் சீறிக்கொண்டு எரிந்தது. மண்ணைப் போட்டு அணைத்தாள். கல்லில் வைத்துத் தட்டினாள். பருப்பு வந்தது. அவள் கை மறுபடியும் முந்தானைக்குப் போய், கொஞ்சம் நின்று, இன்னொரு கை அள்ளியது.

முந்திரி சுடும் வாசனையை மறைக்க முடியாது. பண்ணையின் காரியக்காரர் நாகராசு சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு வந்தார். இந்தத் தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"என்ன சந்தனம், பண்ணைக்கு அளக்கலை, அதுக்குள்ள வறுவலா? இவுக யாரு? கொட்டையில கையை வச்சாகளா?"

தாய் முந்தானையைச் சுருட்டிக்கொண்டாள். சந்தனம் குழந்தையின் முகத்தைத் தன் மடிக்குள் திருப்பி அமுக்கிக்கொண்டாள்.

"அவுக வெயிலுக்கு ஒதுங்கியிருக்காக. எனக்குத்தான் வாய் கேட்டுச்சு, வறுத்தேன்."

"இந்த வயசுல மசக்கையோ?"

"வரட்டுமே. வந்தா ஒங்க பேரையே வச்சிருவோம்."

நாகராசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "ஆசைப்படு, ஆசைப்படு. மூட்டை கொறையட்டும். அடுத்த கோடைக்கு அடைக்கலம் வந்து இங்கன ஒக்காருவான். அவன் மொத வேலையா வழியை அடைப்பான்."

சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு சந்தனம் ஓலைப்பெட்டியை அந்தப் பெண்ணின் முன்னால் வைத்து, "கொட்டு" என்றாள். அவள் முந்தானையை அவிழ்த்துப் பச்சைக் கொட்டை எல்லாவற்றையும் கொட்டினாள். சந்தனம் அந்தச் சேலைத் தலைப்பைத் தானே பிடித்து ஒருமுறை நன்றாக உதறினாள். ஒளிந்திருந்த ஒரு கொட்டை கீழே விழுந்தது. அதையும் எடுத்துப் பெட்டியில் போட்டாள். பிறகு, சுட்டு உடைத்த பருப்பை ஒன்று விடாமல் கல்லிலிருந்து வழித்து, வெறுமையாகக் கிடந்த அந்தத் தலைப்பில் வைத்து, வழியில் அவிழ்ந்துவிடாதபடி பல்லால் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.